கோயி இருந்த இடம்

உங்களுக்குப் பிடித்த செய்தியாளர் பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து பார்க்கும் சேனலைப் பற்றிக் கேட்கவில்லை. அதில் வருவது அத்தனையும் புளுகு என்று நீங்கள் எப்போதோ முடிவு கட்டியிருப்பீர்கள். ஏழு மணி ஆனால் யார் முகத்துக்காக உட்காருகிறீர்களோ, யார் எதிராளியை அதட்டினால் உங்களுக்கு மனசு குளிர்கிறதோ, அவரைப் பற்றித்தான் கேட்கிறேன். அவர் சொல்வது பொய் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

காவாந்தண்டலம் காலனியில் இருக்கும் ஆதிலட்சுமிக்கு அது தெரியவில்லை. அந்தப் பொய்யை அவர் வாயிலிருந்தே உருவி எடுத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஆதிலட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. நடவு, களை, அறுப்பு, நூறு நாள் வேலை, எது கிடைக்கிறதோ அது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை கழனி. அதில் ஒரு சென்ட் கூட அவர் பேரில் இல்லை, அவரைப் பெற்றவள் பேரிலும் இருந்ததில்லை. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் தமிழ்ச்செல்வி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். மற்றப் பெண்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் ஆதிலட்சுமி செய்தி பார்ப்பார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்றாலும் காது கூர்மை. ஒரு முறை கேட்டால் போதும், நான்கு பேர் கத்திய விவாதத்தையும் மறுநாள் கழனியில் நாலு குரலில் ஒப்பிப்பார். அதனால் அவருக்கு நடவுக்காரப் பெண்கள் வைத்த பெயர் ‘நூசு’.

“இன்னா நூசு, நேத்து யாரு யார கியிச்சாங்க?”

சேற்றில் நின்றபடி ஒரு நாற்று முடியை மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடிப்பார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, புருவத்தைத் தூக்குவார். “நேரமில்லை சார், நேரமில்லை! ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!” அச்சு அசல் சசிரேகா. வரப்பில் நிற்கும் மேஸ்திரி கூடச் சிரித்துவிடுவார்.

சசிரேகாதான் ஆதிலட்சுமியின் ஏழு மணி. எட்டு வருடமாகப் பார்க்கிறார். அந்த அம்மாள் மூன்று வருடம் முன்பு வரை வேறொரு சேனலில் இருந்தார். அங்கே அவர் ஒரு கட்சிக்காரர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். சேனல் மாறினார். கேள்வி எதிர்க்கட்சிக்காரர்கள் பக்கம் திரும்பியது. எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை; உங்கள் சேனலில் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு பிசகாது. ஆதிலட்சுமிக்கு அந்த மாற்றம் கண்ணில் படவே இல்லை. குரல் அதே குரல், கோபம் அதே கோபம். பெரிய மனிதர்களை ஒரு பெண் ‘உட்கார்’ என்கிறாள். வாழ்நாள் முழுக்க வரப்பில் நிற்பவனிடம் ‘சரிங்க’ என்று சொல்லியே பழகிய ஒருவருக்கு, அது எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இனி ரஹமத்துல்லா. உத்திரமேரூர் பஜாரில் கோழிக்கறிக் கடை வைத்திருப்பவர். அறுபதை நெருங்குகிறார். காலனி ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்து, நாட்டுக்கோழிக்கு ஒரு கொட்டகை போட்டிருந்தார். காலையும் மாலையும் தீனி போடுவது, கூட்டுவது, முட்டை பொறுக்குவது எல்லாம் ஆதிலட்சுமி. கொட்டகையின் தெற்குப் பக்கத்தைத் தாங்கியபடி இடுப்புயர சிமெண்ட் கல் சுவர் ஒன்று.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. வாய்க்கால் தூர் வாரி எத்தனை வருடமோ, அந்தப் புண்ணியத்தை அதிகாரிகளைத்தான் கேட்க வேண்டும். போக வேண்டிய வழியில் போகாத தண்ணீர், அந்தத் தெற்குச் சுவரில் முட்டிக் காலனிப் பக்கம் திரும்பியது. விடியும்போது முழங்கால் அளவு.

மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ரஹமத்துல்லா பாய் வந்து சேர்ந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கோழிகளைக் கூடைகளில் அடைத்து மேட்டுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு கடப்பாரையைக் கேட்டார்.

“இன்னா பாய், செவுத்தயா இடிக்கப் போற?” என்றார் ஆதிலட்சுமி.

“செவுரு போனா கட்டிக்கலாம். பேசிக்கினு நிக்காத, அந்தாண்ட போய் புடி.”

முதல் குத்து அவர் குத்தியதுதான். சுவர் சரிந்ததும் அதன் மேல் நின்ற கொட்டகையும் சாய்ந்தது. தண்ணீர் அந்த வழியாக ஓடி, பத்து மணிக்குள் காலனி வாசல்களில் வெறும் சேறு மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் ஆல்பர்ட் வந்தான். சசிரேகாவின் சேனலுக்கு அந்தப் பக்கத்துச் செய்தி அனுப்புகிறவன். பைக்கில் பிரஸ் ஸ்டிக்கர், கையில் மைக். ஆதிலட்சுமியைப் பார்த்ததும், “யக்கா, இன்னா ஆச்சுன்னு சொல்லு” என்று மைக்கை நீட்டினான். நாற்று முடி இல்லை, நிஜ மைக். முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தண்ணி ஏறிக்கினே வந்திச்சி. பாய் வந்தாரு. கோயி இருந்த எடத்த இடிச்சிட்டாரு. தண்ணி அந்தாண்ட ஓடிப்பூட்ச்சி. இல்லன்னா எங்க வூடுங்கோ மொத்தமும் முயுகிப் பூட்டிருக்கும். அந்த மனுசன் நல்லா இருக்கணும்.”

கோயி. இந்தப் பக்கத்தில் கோழிக்கு அதுதான் பெயர். ‘ழ’ எங்கள் நாக்கில் நிற்காது. மழை ‘மய’ ஆகும், கோழி ‘கோயி’ ஆகும். கோயிலுக்குக் ‘கோயிலு’ என்று முழுசாக, லகரத்தில் ஓர் அழுத்தம் வைத்துத்தான் சொல்லுவோம். இரண்டையும் இங்கே ஒரு குழந்தை கூடக் குழப்பிக்கொள்ளாது.

அன்று மாலை ஏழு மணிக்கு ஆதிலட்சுமி வீட்டில் இடமில்லை. நூசே நூசில் வரப்போகிறது என்று பாதிக் காலனி வந்து உட்கார்ந்திருந்தது. வந்தார். “பாய் வந்தாரு. கோயி இருந்த எடத்த இடிச்சிட்டாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். முடிந்தது. ஆதிலட்சுமி பூரித்துப் போனார். தன் குரல், தன் வார்த்தை, எல்லாம் சரியாகத்தான் கேட்டது. மீதியை அப்புறம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தமிழ்ச்செல்விதான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள்.

“மா. கீய இன்னா எய்திக்கீறான் பாரு.”

“இன்னாடி?”

“‘கோயில் இருந்த இடத்தை இடித்துவிட்டார் பாய். கதறும் கிராமத்துப் பெண்.’”

“யாரு கதறுனது?”

“நீதான்.”

திரையில் நான்கு பெட்டிகள் திறந்தன. ஒரு பெட்டியில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார்: எந்தக் கோயில், என்ன பெயர், யாராவது அங்கே போய்ப் பார்த்தீர்களா? சசிரேகா கழுத்தைச் சாய்த்தார். “நேரமில்லை சார், நேரமில்லை. ஒரு தாய் அழுகிறாள். கண்டிக்கிறீர்களா, இல்லையா? ஒரே வார்த்தை!” அவர் மறுபடி வாய் திறந்தார், அவர் சத்தம் மட்டும் போய்விட்டது. பெட்டிக்குள் மீன் மாதிரி வாயசைத்துக்கொண்டிருந்தார். கூடியிருந்த பெண்கள் ஆதிலட்சுமியைப் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு வேன்களில் ஆட்கள் வந்தார்கள். யாரும் உள்ளூர் இல்லை. “இடிச்ச கோயில் எங்கே?” என்றார்கள். ஊரின் மாரியம்மன் கோயில் இருநூறு அடியில், சுண்ணாம்பு கூட உதிராமல் நிற்கிறது. யாரோ கை காட்டினார்கள். நல்ல கோயில் அவர்களுக்கு வேண்டாம்; இடிந்ததுதான் வேண்டும். கடைசியில் சரிந்த கொட்டகையைக் கண்டுபிடித்தார்கள். நனைந்த தவிடும் கோழி எச்சமும் மூக்கைத் துளைத்தன. அதன் மேலேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூக்கும் கண்ணும் உள்ள பத்து மனிதர்கள்! ஒருவராவது குனிந்து ஓர் இறகை எடுத்துப் பார்த்திருக்கலாம். மதத்தின் பேரால் மூளையை வாடகைக்கு விட்டவர்களுக்கு இறகும் செங்கல்லாகத்தான் தெரியும்.

ஆதிலட்சுமி உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினார். பஜாரில் பாய் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போனார். கதவைப் பாதி திறந்து பார்த்த ஜாஹிரா, பாயின் மனைவி, உள்ளே வா என்று சொல்லவில்லை.

“ஏன் ஆதி, எங்க வூட்டுச் சோறு தின்னதில்லையா நீ?”

“ஐயோ, நான் கோயின்னுதான் சொன்னேன், ஜாஹிராம்மா.”

உள்ளிருந்து பாயின் குரல் வந்தது. “வுடு ஜாஹிரா, வரட்டும். நான் மட்டும் இன்னா சொல்றேன்? முப்பது வருசமா ‘வா, கோயி வாங்கு’ன்னுதான் கூவிக்கினு கீறேன்.”

“சிரிக்கிற நேரமா இது?” என்றார் ஜாஹிரா.

சிரிக்கிற நேரம் இல்லைதான். ‘கோயில் இடிச்சவன் கடைல கறி வாங்காதே’ என்று போனுக்குப் போன் பறந்துகொண்டிருந்தது. கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் காலையிலேயே ஆள் அனுப்பியிருந்தார்: சேனல்காரர்களே தப்பு என்று சொன்னால் இருக்கலாம், பொங்கலுக்குள் சொல்லாவிட்டால் கடையைக் காலி செய்துவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அநியாயத்துக்குக் கெட்டவர்கள் பத்துப் பேர் போதும். பயந்தவர்கள்தான் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

“நான் சொல்ல வைக்கிறேன் பாய்” என்று சொல்லிவிட்டு ஆதிலட்சுமி எழுந்தார். அன்றிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

சேனலுக்குத் தமிழ்ச்செல்வி போன் போட்டுக் கொடுத்தாள். ஏழாவது முறை ஒரு பையன் எடுத்தான்.

“சரிம்மா, நீங்களே சொல்லுங்க. என்ன இருந்த இடம்?”

“கோயி.”

“அதான்மா நாங்களும் போட்டிருக்கோம்.”

“லு இல்லப்பா! கோயி! முட்ட வுடுமே!”

“தமிழ்ல ஒழுங்கா சொல்லுங்கம்மா. கோ...ழி. எங்க, சொல்லுங்க.”

ஆதிலட்சுமி முயன்றார். நாக்கை மடித்தார், உருட்டினார். “கோ... ளி. கோ... யி.” அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரு மண்ணே பேசி வரும் பேச்சு, குளிர்சாதன அறையில் உட்கார்ந்த நாலு பேருக்கு ஒழுங்கான தமிழ் இல்லையாம். அதே பேச்சு கலவரத்துக்கு உதவும் என்றால் மட்டும், பெரிய எழுத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்து ஆல்பர்ட்டைப் பிடித்தார். டீக்கடை வாசலில் அவன் பைக் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“யக்கா, நான் முயுசாத்தான் அனுப்பினேன், சத்தியமா. முப்பது செகண்டு. அவங்க போட்டது நாலு.”

“ஏன்டா கேக்கல?”

“கேட்டா வேற ஆளு போட்டுக்குவாங்க.”

“கோயின்னா இன்னான்னு கூடவா சொல்லல நீ?”

“சொன்னேங்க்கா. ‘நல்லதாப் போச்சு, அப்படியே இருக்கட்டும்’னாங்க.” ஆல்பர்ட் தரையைப் பார்த்தான். “இன்னிக்கும் அதே விவாதம்தான். மேடம் உன்ன நேரலையில கேக்குறாங்க. உன்ன அயுவ வைக்கணுமாம். நீ இன்னா வேணா பேசிக்கோ. நான் போனப் புடிச்சிக்கினு நிப்பேன். அவ்ளோதான் என்னால ஆவும்.” முழுப் பதிவையும் தமிழ்ச்செல்வி போனுக்கு அனுப்பினான். சாவியை வாங்கிக்கொண்டான்.

ஏழு மணிக்கு, சரிந்த கொட்டகைக்கு முன்னால் ஆதிலட்சுமி நின்றார். முந்தானைக்குள் ஏதோ புடைத்திருந்தது. ஆல்பர்ட் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தான். காதுக் கருவியில் சசிரேகாவின் குரல், முதல் முறையாகத் தனக்கே தனக்காக:

“வணக்கம் அம்மா. அழாம, தைரியமாச் சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்தது?”

“வணக்கம் சசிம்மா. நான் அயுவலம்மா. எட்டு வருசமா உன்னத்தான் பாக்குறேன். நீ நாயமா கேக்குற பொண்ணு.” முந்தானையை விலக்கினார். செவலைப் பெட்டை ஒன்று, வெளிச்சம் பட்டதும் மைக்குக்குள்ளேயே கொக்கரித்தது. “இதும் பேரு இன்னாம்மா? நாங்க கோயின்னுவோம். இது இருந்த எடத்தத்தான் பாய் இடிச்சாரு. எங்களக் காப்பாத்தத்தான் இடிச்சாரு. உங்காளுங்கோ தப்பா எய்திட்டாங்கோ. நீயே உன் வாயால சொல்லிடும்மா.”

ஆல்பர்ட் நீட்டிய போன் திரையில் சசிரேகாவின் முகம் ஒரு கணம் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று ஆதிலட்சுமி இன்றும் அடித்துச் சொல்வார். புருவம் மேலே போகவில்லை, கண் மட்டும் கோழியைப் பார்த்தது. அப்புறம் கழுத்து மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

“அம்மா, நேரமில்லை, நேரம் இல்லை...”

அதன் பிறகு காதில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி ஓடி வந்தாள். தொடர்பில் சிக்கல் என்று சொல்லிவிட்டார்களாம். ஆல்பர்ட் தன் போனைத் திருப்பிக் காட்டினான். சிக்னல் முழுசாக இருந்தது. சற்று நேரத்தில் வீட்டு டிவியில் திரையின் கீழே புது எழுத்து ஓடியது: ‘மிரட்டப்பட்டாரா ஆதிலட்சுமி? திடீர் பல்டியின் பின்னணி என்ன?’ கோழியையே தூக்கிக் காட்டினாலும், அதைத் தூக்க வைத்தது யார் என்று கேட்கும் மூளைகளை என்ன செய்வது!

மறுநாள் களை எடுப்பில் ஒருத்தி சீண்டினாள். “இன்னா நூசு, கோயிக்கு எலக்சன்ல சீட்டு குடுத்துட்டாங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். ஆதிலட்சுமி நிமிரவில்லை. களையைப் பிடுங்கியபடியே சொன்னார்:

“போன வருசம் கவருமெண்டுக்கு நெல்லு போடற எடத்துல மூட்டைங்கோ நனைஞ்சிது பாரு. ஒரு ஆளு வந்து டிவில பேசுனாரே, கதர் சட்ட போட்டுக்கினு.”

“நீ கூட செஞ்சி காட்டினியே, திக்கித் திக்கிப் பேசுவாருன்னு!”

“அவரு திக்கலடி. சசி அவர மூணு தபா வெட்டுச்சி. அவரு நம்ம ஊரு மூட்டையப் பத்தித்தான் பேச வந்தாரு. நான் கை தட்டிக்கினு இருந்தேன்.”

சொல்லிவிட்டுப் பிடுங்கிய களையை வரப்பில் வீசினார்.

வேலைக்குப் போகாமல், மூன்று நாள் உத்திரமேரூரில் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கினார். மகளுடைய போனை நீட்டி முப்பது வினாடிப் பதிவை ஓட்டினார். “கண்ண மூடிக்கினு கேளு நைனா. எய்த்தப் படிக்காத.” சிலர் கேட்டார்கள். சிலர், “பாய் எவ்ளோ குடுத்தாரு?” என்றார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே பூக்கட்டும் பெரியவர் ஒருவர் மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “கோயிதான். இத எவன்டா கோயிலுன்னது, செவுட்டுப் பய” என்று கத்தினார். பாய் கடையின் ஷட்டர் பாதி தூக்கப்பட்டது. பழைய வாடிக்கையில் பாதிப் பேர் வருகிறார்கள். மீதிப் பேர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கிறார்கள். பதிவைக் கேட்ட பிறகும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

கட்டடக்காரரோ ஒரே பிடியாக நிற்கிறார். டிவியில் வந்ததை டிவிதான் திருத்த வேண்டும்.

ஒவ்வொரு சேனலும் பார்வையாளரின் புகாரை வாங்கிப் பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருப்பதைத் தமிழ்ச்செல்வி கண்டுபிடித்தாள். ஷிப்டு முடிந்து வந்து அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். நீளமாக எழுத வேண்டாம் என்று ஆதிலட்சுமி சொல்லிவிட்டார். எந்த நாள், எந்த நிகழ்ச்சி. நான் பேசியது முப்பது வினாடி, நீங்கள் காட்டியது நாலு. மீதி இருபத்தாறு வினாடியையும் அதே ஏழு மணிக்குக் காட்டுங்கள்.

பதினான்காம் நாள் பதில் வந்தது. ‘மொழி வல்லுநர்களைக் கலந்தாலோசித்தோம். எங்கள் ஒளிபரப்பில் பிழை இல்லை.’ எந்த வல்லுநர், எந்த ஊர், வாழ்நாளில் ஒரு முறையாவது காவாந்தண்டலம் பக்கம் பஸ் ஏறியவரா? அதில் ஒன்றும் இல்லை. ஆதிலட்சுமி மகளை மறுபடி உட்கார வைத்து, மேல்முறையீட்டுக்கு அதே மூன்று வரியை எழுத வைத்தார். பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஒரு காலனிப் பெண்ணின் கடிதத்தைக் குப்பையில் போடுவது அவர்களுக்குச் சுலபம். ஐந்நூறு கடிதம் வந்தால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, வாசிக்கிறவரே, ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இன்று மாலை உங்களுக்குப் பிடித்த அந்த முகத்தின் முன்னால், ஒரு தாளும் பேனாவுமாக உட்காருங்கள். யாரைப் பேச விடுகிறார், யாரை வெட்டுகிறார் என்று எழுதுங்கள். ஏதோ ஓர் ஊர்க்காரரின் பேச்சை நாலு வினாடி காட்டிவிட்டு நாற்பது நிமிடம் கத்தினால், மீதிப் பேச்சு எங்கே என்று கேட்டு அந்தச் சேனலுக்கு மூன்று வரி எழுதிப் போடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். இன்றே எழுதுங்கள்.